‘கூட்டம்’ என்ற சொல்: பொருளும் புழக்கமும்

சொல்லடுக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறிய தமிழ் அகராதிக்குப் பதிவுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கூட்டம்’ வந்ததும் கை நின்றுவிட்டது. ‘பலர் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது’ என்று எழுதினால் பேருந்து நிலையத்துக்குப் பொருந்துகிறது, ஊராட்சி அலுவலகத்துக்குப் பொருந்தவில்லை. ‘கலந்து பேசுவதற்காக ஏற்பாடு செய்யும் நிகழ்வு’ என்று எழுதினால் பேருந்து நிலையம் விட்டுப்போகிறது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “மழையால் கூட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை.” முதல் கூட்டம் நிகழ்ச்சி, இரண்டாவது ஆட்கள். இதைக் கேட்கும் யாரும் தடுமாறுவதே இல்லை. எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறோம் என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கிறேன். பெரிய அகராதிகள் பொருள்களை எண் போட்டு அடுக்கிவிடுகின்றன. பிரித்தறியும் வழியைச் சொல்வதில்லை.

வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கிறது என்பது என் எண்ணம். கூட்டம் நடந்தது, கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார், கூட்டத்தை ஒத்திவைத்தார்கள் என்றால் நிகழ்ச்சி. கூட்டம் சேர்ந்தது, அலைமோதியது, குறைந்தது என்றால் ஆட்கள். ‘கலைந்தது’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது. உங்கள் ஊரில் இந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று எழுதுங்கள். பேச்சில் உள்ளது, செய்தித்தாளில் உள்ளது, பழைய நூலில் உள்ளது எல்லாமே வேண்டும்.

தமிழாசிரியை எழுதியது:

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். வினை முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்பே வேற்றுமை உருபு பாதி வேலையை முடித்துவிடுகிறது. “கூட்டத்துக்குப் போனேன்” என்றால் நிகழ்ச்சி. “கூட்டத்துக்குள் போனேன்” என்றால் ஆட்கள். ஓர் ‘உள்’ சேர்ந்ததும் பொருள் மாறிவிட்டது. ‘இல்’ வரும்போது மட்டும் வினைக்காகக் காத்திருக்க வேண்டும்: “கூட்டத்தில் பேசினாள்”, “கூட்டத்தில் தொலைந்துபோனாள்”.

‘ஆக’ சேர்ந்தால் எப்போதும் ஆட்கள்தான். “கூட்டமாக இருக்கிறது, அடுத்த வண்டியில் போகலாம்.” இங்கே நிகழ்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

வகுப்பில் மரபுச்சொற்கள் நடத்தும்போது ஆட்டு மந்தை, எறும்புச் சாரை, யானைக் கூட்டம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மந்தை என்றால் மேய்ப்பவர் ஒருவர் இருக்கிறார். யானைக் கூட்டத்துக்கு மேய்ப்பவர் இல்லை, அது தானாகச் சேர்ந்து தானாக நடப்பது. பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டைச் சொன்னால் பட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கொங்குநாட்டான் எழுதியது:

எங்கள் பக்கத்துப் பொருள் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் புதிதாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர் “நீங்க எந்தக் கூட்டமுங்க?” என்று கேட்டால் அவர் குலப்பிரிவைக் கேட்கிறார். கொங்கு வேளாளர்களிடையே காடை, ஆந்தை, பொருளந்தை, தூரன், செம்பன், கண்ணன் என்று நிறையக் கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் அண்ணன் தம்பி முறை, பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் குலதெய்வக் கோவில் உண்டு.

கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் அவர்களின் பெயரில் உள்ள ‘தூரன்’ இப்படி வந்ததுதான்.

நீங்கள் சொன்ன வினைச்சொல் சோதனை இங்கே செல்லாது என்பதைக் கவனியுங்கள். இந்தக் கூட்டம் நடப்பதும் இல்லை, சேர்வதும் இல்லை, கலைவதும் இல்லை. ஒருவர் ஒரு கூட்டத்தில் பிறக்கிறார், அவ்வளவுதான். வெளியூர்ப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால் “எந்தக் கட்சிக் கூட்டத்தைக் கேட்கிறார்?” என்று விழிக்கும்.

சொல்லடுக்கு எழுதியது:

மிக்க நன்றி. இது எனக்குத் தேவையான செய்தி. வட்டார வழக்கு என்ற குறிப்போடு தனிப் பொருளாகவே போடுகிறேன்.

ஆசிரியை அவர்களே, ‘உள்’ பற்றிய உங்கள் எடுத்துக்காட்டை அப்படியே பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்.

செய்திமேசை எழுதியது:

நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு இந்தச் சொல்லோடு தினமும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சாலையில் முந்நூறு பேர் நிற்கிறார்கள். அதைக் கூட்டம் என்று எழுதுவதா, திரள் என்று எழுதுவதா, கும்பல் என்று எழுதுவதா? ‘மக்கள் திரண்டனர்’ என்றால் அவர்களுக்கு ஒரு நோக்கம் இருப்பதாகவும் அது மதிக்கத்தக்கது என்பதாகவும் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். ‘கூட்டம் கூடியது’ என்றால் சார்பு இல்லை. ‘கும்பல்’ என்று எழுதிவிட்டால் அவர்கள் கையில் கல்லோ தடியோ இருப்பதாகப் படிப்பவர் மனத்தில் படம் விழுந்துவிடுகிறது. ஒரு வன்முறையும் நடக்காத இடத்துக்கு இந்தச் சொல்லைப் போடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். யார் தொட்டு எழுதினாலும் அதை அடித்துவிட்டு மாற்றுவேன்.

பிள்ளைகள் அகராதியில் ‘கும்பல்’ பதிவுக்கு இந்த எச்சரிக்கையைச் சேர்த்தால் நல்லது.

வடசென்னைவாசி எழுதியது:

செய்திமேசை அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கும்பல் என்றாலே கெட்டது என்று அகராதியில் எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கம் “ரேஷன் கடையில ஒரே கும்பல்”, “கோயில்ல கும்பலா இருக்கு, அப்புறம் போலாம்” என்று அம்மாக்கள் தினமும் சொல்கிறார்கள். அதில் கல்லும் இல்லை, தடியும் இல்லை. வட மாவட்டங்களில் பலருக்கு ‘கும்பல்’தான் வீட்டுச் சொல், ‘கூட்டம்’ கொஞ்சம் எழுத்துச் சொல். அச்சு மொழி ஒரு சொல்லுக்குக் குற்றப் பொருளை ஏற்றிவிட்டது என்பதற்காக அதைப் பேசுகிறவர்கள் தவறாகப் பேசுவதாக ஆகிவிடக் கூடாது.

செய்திமேசை எழுதியது:

நியாயமான வாதம் தம்பி. பேச்சில் நடுநிலை, அச்சில் சாய்வு. இரண்டையும் எழுத வேண்டும். ஆனால் ‘கொள்ளைக் கும்பல்’, ‘கடத்தல் கும்பல்’ என்று பல ஆண்டுகளாக எழுதி எழுதி அச்சில் அது இறுகிவிட்டது. இனிச் செய்தித்தாளில் “கோயிலில் பக்தர்கள் கும்பல்” என்று எழுத முடியாது. எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

கல்வெட்டுக்காதலன் எழுதியது:

பழைய ஆட்சியில் இந்தச் சொல் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் தங்கள் முடிவைப் பதியும்போது ‘கூட்டக் குறைவறக் கூடியிருந்து’ என்று தொடங்குவதைப் பார்க்கலாம். வர வேண்டியவர்கள் குறையில்லாமல் வந்து கூடியிருந்து முடிவெடுத்தோம் என்று கல்லிலேயே உறுதி சொல்கிறார்கள். இன்றைக்குக் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பதை அரசாணைத் தமிழில் ‘குறைவெண் வரம்பு’ என்கிறார்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் அதே கவலை, அதே ‘குறைவு’ என்ற சொல். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அந்தக் காலத்தில் கூடும் அமைப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேய ஊர்களில் சபை, வேளாளர் ஊர்களில் ஊர், வணிகர்களுக்கு நகரம். ஆமாம், ‘ஊர்’ என்பதும் ‘நகரம்’ என்பதும் இடத்தை மட்டும் குறிக்காமல் அங்கே கூடும் மனிதர்களின் அமைப்பையும் குறித்தன. சபைக்குள் இருந்த சிறு குழுக்கள் வாரியம்: ஏரி வாரியம், தோட்ட வாரியம். இன்று மின் வாரியம், குடிநீர் வாரியம் என்று அதே சொல்லைத்தான் புழங்குகிறோம்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை, அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவற்றை, எல்லோருக்குமான மக்களாட்சி என்று மேடைகளில் பேசுகிறார்கள். வாரியத்துக்குப் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி என்று நிபந்தனைகள் இருந்தன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறை வியப்பானதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்தான் ஊரில் அதிகம்.

ஆலைத்தோழர் எழுதியது:

கடைசி வரிக்கு நன்றி தோழர். கூட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் தாங்களே கூட்டம் போட்டபோது சொல்லும் மாறியது. ‘கூட்டம் போடுவது’ என்ற வினையை இன்னும் யாரும் இங்கே சொல்லவில்லை. கூட்டம் கூட்டுவது அதிகாரம் உள்ளவர் செய்வது: தலைவர் கூட்டினார், ஆட்சியர் கூட்டினார். கூட்டம் போடுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். “நாளைக்குக் கேட்ல கூட்டம் போடலாம்” என்று ஆலைக்குள் ஒருவர் சொன்னால் அடுத்த ஷிப்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நோட்டீசில் அதையே ‘வாயிற்கூட்டம்’ என்று அச்சடிப்போம்.

1918-இல் பெரம்பூரில் மதராஸ் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்திலிருந்தே இந்தப் பரம்பரை தொடங்குகிறது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் ஆலைத் தொழிலாளர்களிடையே பேசினார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார்.

எங்கள் சொற்பட்டியல் தருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: தெருமுனைக் கூட்டம், வாயிற்கூட்டம், விளக்கக் கூட்டம், கண்டனக் கூட்டம், பேரவைக் கூட்டம், இரங்கல் கூட்டம். அரங்கத்துக்குள் நடப்பதும் வெளியே நடப்பதும் வேறு வேறு என்பதால் ‘அரங்கக் கூட்டம்’ என்று தனியாகச் சொல்வோம். அனுமதி கிடைக்காதபோது பொதுக்கூட்டம் அரங்கக் கூட்டமாகச் சுருங்கும். அதன் வலி அதை நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டம்படித்தவள் எழுதியது:

தோழர் அனுமதியைச் சொன்னதால் நானும் வருகிறேன். எத்தனை பேர் சேர்ந்தால் கூட்டம்? சட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு ‘சட்டவிரோதக் கூட்டம்’ என்பதற்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-ஆம் பிரிவிலும் அதே ஐந்துதான். ஐந்து பேர் சேர்ந்தாலே குற்றம் என்று பயந்துவிட வேண்டாம். அவர்களுடைய பொது நோக்கம் சட்டம் சொல்லும் வகைகளில் ஒன்றாக இருந்தால்தான் குற்றம். மற்றபடி ஆயுதமில்லாமல் அமைதியாக ஒன்றுகூடுவது அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்குத் தரும் உரிமை.

ஊரில் “144 போட்டிருக்காங்க” என்று சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய எண். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 163 ஆகிவிட்டது. ஆனாலும் மக்கள் வாயில் 144 தான் நிற்கிறது, இன்னும் பல காலம் நிற்கும்.

அகராதிக்காரருக்கு ஒரு வாக்கியம்: “கூட்டம் கூடக் கூடாது.” மூன்று சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முதலாவது பெயர், இரண்டாவது வினை, மூன்றாவது தடை.

தமிழாசிரியை எழுதியது:

அருமை அம்மா! அதோடு ‘என்கூட வா’ என்பதில் உள்ள ‘கூட’வையும், ‘இருக்கக்கூடும்’ என்பதில் உள்ள ‘கூடும்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்வது என்ற ஒரே பொருளிலிருந்து துணை, இயல்வது, இசைவது என்று கிளைகள் பிரிந்திருக்கின்றன. ‘கூடாது’ என்றால் முதலில் ‘இசையாது, பொருந்தாது’ என்பதுதான் பொருள். பிறகு தடையாயிற்று.

ஐந்து பேர் என்று சட்டம் சொல்கிறது. நம் அகப்பொருள் இலக்கணத்தில் இரண்டு பேர் போதும். ‘பாங்கற் கூட்டம்’ என்று ஒரு துறை உண்டு. தலைவன் தன் நெருங்கிய தோழனாகிய பாங்கனின் உதவியால் தலைவியைச் சந்திப்பது. திருக்கோவையாரில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே கூட்டம் என்றால் இரு மனம் கூடுவது, மூன்றாமவர் இருந்தால் கெட்டுவிடும். ஊடலும் கூடலும் என்று சொல்லும் கூடலும் இதன் உடன்பிறப்புத்தான்.

சொல்லடுக்கு எழுதியது:

இரண்டு பேர் கூட்டம் ஒரு பக்கம், கடற்கரை நிறைந்த கூட்டம் ஒரு பக்கம். இந்தப் பரப்பைப் பார்க்கப் பார்க்க எண்ணிக்கையை வைத்துப் பொருள் சொல்வது வீண் என்று படுகிறது. ‘பலர்’ என்ற சொல்லையே என் பதிவில் பின்னுக்குத் தள்ளிவிட்டு ‘சேர்தல்’ என்பதை முன்னால் வைக்கிறேன்.

யாழ்நிலா எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுறன். எங்களுக்கும் கூட்டம் என்றால் முதலில் நிகழ்ச்சிதான்: சங்கக் கூட்டம், பெற்றோர் கூட்டம். ஆட்களைச் சொல்ல ‘சனம்’ தான் வாயில் வரும். “சந்தையில சரியான சனம்”, “தேருக்கு நல்ல சனம்” என்று சொல்லுவம். அதனால் உங்கள் “கூட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை” எங்கள் வீட்டில் “கூட்டத்துக்குச் சனம் வரேல்லை” என்று ஆகிவிடும். சிக்கலே இல்லை.

இன்னொன்று, ‘ஒன்றுகூடல்’. பழைய மாணவர் ஒன்றுகூடல், குடும்ப ஒன்றுகூடல், ஆண்டு ஒன்றுகூடல் என்று எங்களிடம் மிகப் பழக்கமான சொல். இதில் தீர்மானம் ஒன்றும் போட வேண்டியதில்லை. சந்தித்துக் கதைத்துச் சிரித்துவிட்டு வருவது. தமிழ்நாட்டில் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

வடசென்னைவாசி எழுதியது:

யாழ்நிலா அக்கா, எங்கள் பக்கம் ‘கெட் டுகெதர்’ என்றுதான் சொல்கிறோம். சொல்லவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அழைப்பிதழில் ‘சந்திப்பு’ என்று அச்சடிப்பார்கள். ‘ஒன்றுகூடல்’ எவ்வளவோ நன்றாக இருக்கிறது. அடுத்த முறை எங்கள் பள்ளிக் குழுவுக்கு நானே எழுதிப்போடுகிறேன்.

பெங்களூர்த்தமிழன் எழுதியது:

பக்கத்து வீடுகளையும் ஒரு பார்வை பாருங்கள். கன்னடத்தில் ‘கூட்ட’ என்று இரட்டிக்காமல் ‘கூட’ என்று ஒற்றை ‘ட’வோடு நிற்கும்: சந்தோஷகூட என்றால் மகிழ்ச்சியான சந்திப்பு, மைத்ரிகூட என்றால் அரசியல் கூட்டணி. (அந்த ‘ட’வை வல்லொலியோடு சொல்ல வேண்டும், நம் எழுத்தில் அதைக் காட்ட முடியவில்லை.) தெலுங்கில் கூட்டணிக்குக் ‘கூட்டமி’ என்கிறார்கள். மலையாளத்தில் ‘கூட்டம்’ அப்படியே உண்டு, நண்பனுக்குக் ‘கூட்டுகாரன்’. நம்மிடம் ‘கூட்டாளி’ இருக்கிறது, ஆனால் நாளிதழ்கள் அதையும் ‘ரவுடியின் கூட்டாளி கைது’ என்று ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டன. செய்திமேசை நண்பர் இதையும் கவனிக்க வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

தாமதமாக வருகிறேன். ‘கோட்டி’ என்ற சொல்லை யாரும் தொடாமல் விட்டது ஆச்சரியம். திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் மனநிலை பிறழ்ந்தவர். “கோட்டிக்காரப் பய” என்று செல்லமாகவும் திட்டுவோம். ஆனால் குறளில் கோட்டி என்றால் அறிஞர் கூடும் அவை:

“அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்” (401)

கட்டம் வரையாமல் காய் உருட்டுவது எப்படியோ, அப்படித்தான் நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது. எங்கள் ஊர்ப் பிள்ளை இந்தக் குறளை முதல் முறை படிக்கும்போது அரண்டுபோகும். இந்தக் கோட்டி வடமொழி ‘கோஷ்டி’யின் தமிழ் வடிவம். பெருமாள் கோயில்களில் பாசுரம் சேவிப்பவர்களைக் கோஷ்டி என்கிறோம். அதே சொல் கட்சிச் செய்தியில் ‘கோஷ்டிப் பூசல்’ ஆகிறது.

கழகத்தின் கதை இதற்கு நேர் எதிர். குறள் 935, 937 இரண்டிலும் கழகம் என்றால் சூதாடும் இடம். கம்பர் காலத்தில் ‘கலைதெரி கழகம்’, அதாவது கலை பயிலும் இடம். இன்று பல்கலைக்கழகம், அரசியல் கழகங்கள். ஒரு சொல் சூதுக் களத்திலிருந்து கல்விக்கூடத்துக்கு ஏறி வந்திருக்கிறது, இன்னொன்று அவையிலிருந்து பூசலுக்கு இறங்கியிருக்கிறது. கூட்டம் மட்டும் ஏறாமல் இறங்காமல் நடுவில் நிற்கிறது. அதனால்தான் எல்லா முன்னொட்டையும் தாங்குகிறது: கொள்ளைக் கூட்டம், அடியார் கூட்டம், ஜெபக்கூட்டம்.

கல்வெட்டுக்காதலன் எழுதியது:

குறள் பேச்சு வந்துவிட்டது, 332-ஐயும் சேர்க்கிறேன். ‘கூத்தாட்டு அவைக்குழாம்’ என்கிறார் வள்ளுவர். செல்வம் சேர்வது கூத்துப் பார்க்கக் கூட்டம் சேர்வது போல, போவது கூத்து முடிந்ததும் அது கலைவது போல. ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள், ஒரேயடியாக எழுந்து போவார்கள். கூட்டத்தை இவ்வளவு கூர்மையாகக் கவனித்துச் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சொல்லடுக்கு எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதிய வரைவு இது. இன்னும் முடியவில்லை.

கூட்டம் (பெ.) 1. சேர்ந்து நிற்கும் அல்லது செல்லும் ஆட்கள், விலங்குகள், பறவைகள். ‘கூட்டத்துக்குள் நுழைந்தான்.’ ‘யானைக் கூட்டம்.’ 2. கலந்து பேசவோ ஒருவர் பேசக் கேட்கவோ சேரும் நிகழ்ச்சி. ‘கூட்டத்துக்குப் போனாள்.’ ‘கிராம சபைக் கூட்டம்.’ 3. (கொங்கு வழக்கு) குலப்பிரிவு.

‘பாங்கற் கூட்டம்’ ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். ஆசிரியை மன்னிக்க வேண்டும்.

தமிழாசிரியை எழுதியது:

மன்னிக்க ஒன்றும் இல்லை, அது மேல்நிலை வகுப்பில் வரும்போது தெரிந்துகொள்ளட்டும். ஆனால் இரண்டாம் பொருளில் ‘சேரும்’ என்ற சொல் எனக்கு இடிக்கிறது. இப்போது ‘இணையவழிக் கூட்டம்’ என்கிறோமே, அங்கே ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அகராதி வெளிவருவதற்குள் அதற்கும் இடம் வைத்துவிடுங்கள்.

ஆலைத்தோழர் எழுதியது:

‘சேரும்’ இருக்கட்டும் அம்மா. வீட்டில் இருந்தபடியே பேச்சில் சேர்கிறார்கள்தானே. அதை எடுத்துவிட்டால் கூட்டத்தில் என்ன மிஞ்சும்? மூன்றாவது எடுத்துக்காட்டாக ‘வாயிற்கூட்டம்’ போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளும் அந்த அகராதியைப் புரட்டுவார்கள்.